2115ஆம் ஆண்டுக்குத் தாவிய போர்டு: ஐஸ் கம்பெனியில் ஒரு நிகழ்வு ஆய்வு

2020 ஆகஸ்ட் 12, புதன்கிழமை. குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே கடலோரத்தில் ஒரு ஐஸ் கம்பெனி. அங்கே நாங்கள் பொருத்தியிருந்த சின்ன கணினி, விடியற்காலை 02:40:11க்கு உப்புத்தண்ணித் தொட்டியின் வெப்பநிலையைப் பதிந்தது: மைனஸ் 9.4. பத்து விநாடி கழித்து அடுத்த வரி. வெப்பநிலை அதே மைனஸ் 9.4. தேதி மட்டும் 2115 அக்டோபர் 3, நேரம் 18:15:49.

காலை ஆறு மணிக்கு ஆபரேட்டர் அண்ணன் போன் செய்தார். "மக்கா, பெட்டியில செவப்பு லைட்டு எரியுது. ஸ்கிரீன்ல ரெண்டாயிரத்து நூத்திப் பதினஞ்சுன்னு நிக்குது. தொட்டி நல்லாத்தான் ஓடுது. என்னதுன்னு வந்து பாரு."

"கரண்டு போச்சா அண்ணே?"

"இல்லியே. ராத்திரி முழுக்க இருந்துது."

இந்தப் பதிலுக்கு நான் அன்றைக்கே உரிய மதிப்பைக் கொடுத்திருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். கரண்டு போகாமல், ரீபூட் ஆகாமல், ஓடிக்கொண்டிருந்த கணினியின் நேரம் பத்து விநாடிக்குள் 95 வருடம் தாவியிருக்கிறது. கடிகார பேட்டரி தீர்ந்தால் இப்படி நடக்காது. ஆனால் நான் முதலில் சந்தேகப்பட்டது பேட்டரியைத்தான்.

அங்கே என்ன வைத்திருந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை இது. அந்த ஐஸ் கம்பெனியில் ஒரே மாதிரி மூன்று போர்டுகள்: உப்புத்தண்ணித் தொட்டிக்கு ஒன்று, கம்ப்ரசர் அறைக்கு ஒன்று, ஐஸ் பார்களை அடுக்கும் குளிர் அறைக்கு ஒன்று. நான்கு கார்ட்டெக்ஸ்-ஏ53 கோர்கள், அதாவது ஆர்ம் நிறுவனம் வடிவமைத்த பிராசசர் பகுதிகள், உள்ள விலை குறைந்த சிப். அதன் மேல் லினக்ஸ் இயங்குதளம், பதிப்பு 4.19. சென்சார்கள் ஆர்எஸ்-485 கம்பி வழியாக வரும். பத்து விநாடிக்கு ஒரு வரி போர்டிலேயே சேரும். மணிக்கு ஒரு சராசரி மட்டும் மொபைல் நெட் வழியாக எங்கள் சர்வருக்குப் போகும். சிப் எது, போர்டு எது என்று பெயர் சொல்லப் போவதில்லை. நடந்ததைப் புரிந்துகொள்ள அது தேவையும் இல்லை.

பத்து விநாடி விவரம் எதற்கு என்று கேட்கலாம். மேற்குக் கரைக்கு ஜூலை 31 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடியும். விசைப்படகுகள் இறங்கினால் ஐஸுக்குத் தேவை ஒரே நாளில் ஏறிவிடும். அந்த நேரத்தில் கரண்டு போனால் தொட்டி எவ்வளவு வேகமாகச் சூடாகிறது, ஜெனரேட்டரை எத்தனை நிமிடம் தள்ளிப்போடலாம் என்பது கம்பெனிக்கு டீசல் காசு. அதைக் கணக்குப் போடத்தான் அந்தப் பதிவுகள்.

அந்தப் பதிவுகள்தான் அன்று அழிந்தன. 90 நாளுக்கு மேற்பட்ட கோப்புகளை அழிக்க ஒரு துப்புரவு வேலை வைத்திருந்தோம். தினமும் 3 மணிக்கு, லினக்ஸில் குறித்த வேளையில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி டைமர் அதை எழுப்பும். நேரம் 2115க்குத் தாவியதும், குறித்த வேளை எப்போதோ கடந்துவிட்டதென்று டைமர் உடனே எழுந்தது. 2115இலிருந்து பார்த்தால் போர்டில் இருந்த எல்லாக் கோப்பும் 90 நாளுக்கு மேற்பட்டவை. அன்றைய கோப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அழித்தது. அழிக்கும்போது தேதியைச் சந்தேகிக்க வேண்டும் என்று அந்த நிரலை எழுதிய எனக்குத் தோன்றவே இல்லை. சர்வருக்கும் பதிவுகள் போகவில்லை. 2115இல் நின்றுகொண்டு பார்த்தால் சர்வரின் சான்றிதழ் காலாவதியாகி ரொம்ப நாள் ஆகியிருந்தது, போர்டு இணைப்பை மறுத்துவிட்டது.

நேர சர்வரோடு ஒப்பிட்டு நேரத்தைத் திருத்த க்ரோனி என்ற நிரல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வழக்கமான அமைப்பில் அது தொடங்கியதும் வரும் முதல் மூன்று ஒப்பீடுகளில் மட்டுமே நேரத்தை ஒரேயடியாகத் திருத்தும். அப்புறம் எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் மெல்ல மெல்லத்தான் இழுக்கும். 95 வருடத்தை மெல்ல இழுக்க முடியாது.

பேட்டரி, உப்புக்காற்று, ரீபூட்

அன்று போர்டை அணைத்துப் போட்டதும் நேரம் சரியாகிவிட்டது. பெட்டியைத் திறந்தால் கடிகார பேட்டரியின் தகட்டில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. கடலிலிருந்து நூறு அடிகூட இல்லாத இடம், களிம்பு ஏறாவிட்டால்தான் ஆச்சரியம். சுரண்டித் துடைத்தோம், புது பேட்டரி போட்டோம். காரணம் கிடைத்துவிட்டது என்று நம்பினோம். இந்த மாவட்டத்துக் கடலோரத்தில் எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்யும் யாருக்கும் உப்புக்காற்றுதான் முதல் குற்றவாளி. பாதி நேரம் அது உண்மையும்கூட.

ஆகஸ்ட் கடைசியில் கம்ப்ரசர் அறை போர்டு தாவியது. அதன் பேட்டரித் தகடு பளபளவென்று இருந்தது. அடுத்து நேரம் தரும் சர்வரைச் சந்தேகப்பட்டோம். வேறு சர்வருக்கு மாற்றினோம். நவம்பரில் தொட்டி போர்டு மறுபடியும் தாவியது.

இந்த முறை அண்ணனிடம், "தயவுசெஞ்சு அணைக்காதீங்க அண்ணே, நான் வரும்வரை அப்படியே இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டேன். மடிக்கணினியும் சீரியல் கேபிளும் எடுத்துக்கொண்டு போனேன். கம்பியை மாட்டியதும் முதலில் தட்டியது, எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று சொல்லும் அப்டைம் கட்டளை. 26 நாளுக்கு முன்னால் கரண்டு வந்து ஓடத் தொடங்கிய அந்தப் போர்டு, தான் 34,775 நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னது.

இந்த ஆய்வின் திருப்புமுனை அந்த ஒரு எண்தான். லினக்ஸில் நேரம் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று நாள்காட்டி நேரம். இதை நேர சர்வர் மாற்றலாம், பேட்டரிக் கடிகாரம் மாற்றலாம், நாமே கையால் மாற்றலாம். இன்னொன்று போர்டு எழுந்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஓடியது என்ற கணக்கு. இதை வெளியிலிருந்து யாரும் தாவவைக்க முடியாது. பேட்டரியோ சர்வரோ பொய் சொல்லியிருந்தால் தேதி மட்டும் கெட்டிருக்கும், அப்டைம் 26 நாள் என்றே நின்றிருக்கும். இரண்டும் சேர்ந்து தாவியதென்றால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் பொருள் கெட்டிருக்கிறது. சிப்புக்குள் விநாடிக்கு 2.4 கோடி முறை ஒன்று கூடும் எண்ணி, அதாவது கவுன்ட்டர், அதுதான் அந்தப் பொருள்.

34,750 நாள்

தாவிய தூரத்தைக் கணக்குப் போட்டேன். ஆர்ம் கட்டமைப்பு இந்த எண்ணிக்குக் குறைந்தது 56 பிட், அதாவது 56 இரும இலக்க, அகலம் வேண்டும் என்கிறது. லினக்ஸும் அதை 56 பிட் என்றே எடுத்துக்கொள்கிறது. 2இன் 56ஆம் அடுக்கு சுமார் 720 கோடி கோடி. அதை 24 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் 34,750 நாளுக்கு நான்கே நிமிடம் குறைவாக வருகிறது. வருடமாகச் சொன்னால் 95.1.

ஆகஸ்ட் 12 பதிவை இதோடு வைத்துப் பார்த்தேன். 02:40:21க்கு வந்திருக்க வேண்டிய வரியில் 34,750 நாளைக் கூட்டி நான்கு நிமிடத்தைக் கழித்தால் 2115 அக்டோபர் 4, 02:36 வர வேண்டும். பதிவில் இருந்ததோ முந்தைய நாள் 18:15. எட்டு மணி இருபது நிமிடம் குறைகிறது. கணக்கு இவ்வளவு அருகில் வந்து தப்பியது என்னை ஒரு நாள் தூங்கவிடவில்லை. அப்புறம் க்ரோனியின் விலகல் கோப்பைத் திறந்தேன். எண்ணிக்குத் துடிப்பு தரும் இந்தப் போர்டின் படிகம் பத்து லட்சத்தில் 10 பங்கு வேகமாக ஓடுகிறது என்று அது கண்டுபிடித்து வைத்திருந்தது. கர்னலும், அதாவது லினக்ஸின் மையப்பகுதியும், அதற்கேற்ப ஒவ்வொரு துடிப்பையும் அந்த அளவு குறைத்தே எண்ணிக்கொண்டிருந்தது. 95 வருடத்துக்கு அந்தப் பத்துப் பங்கு எவ்வளவு? 30,024 விநாடி. எட்டு மணி இருபது நிமிடம். கணக்கு நூல் பிடித்ததுபோல் பொருந்தியது.

ஆக, எண்ணி உண்மையில் 95 வருடம் முன்னே போகவில்லை. கொஞ்சமே கொஞ்சம் பின்னே போயிருக்கிறது. கர்னல் ஒவ்வொரு முறையும் இப்போதைய எண்ணிலிருந்து சென்ற முறை படித்த எண்ணைக் கழிக்கும். இப்போதைய எண் ஒரு துளி சிறியதாக இருந்தாலும் கழித்தல் 56 பிட்டைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்கு வந்துவிடும். எண்ணி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது என்று கர்னல் எடுத்துக்கொள்ளும். ஒரு முழுச் சுற்றுதான் 95 வருடம்.

எண்ணி ஏன் பின்னே போகிறது? பழைய மின்சார மீட்டர் நினைவிருக்கிறதா? எண்கள் உருளையில் சுழலும். 1999 முடிந்து 2000 ஆகும்போது நான்கு உருளையும் ஒன்றாக நகர வேண்டும். நகரும் அந்தக் கணத்தில் பார்த்தால் சில உருளைகள் பழைய இடத்திலும் சில புது இடத்திலும் இருக்கும். படிப்பவர் 1000 என்றும் குறித்துக்கொள்ளலாம், 2999 என்றும் குறித்துக்கொள்ளலாம். இரும எண்ணிலும் இதேதான். ஒரு பூஜ்யத்துக்குப் பின்னால் பதினொரு ஒன்றுகள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த துடிப்பில் முதலிடம் ஒன்றாகி மற்ற பதினொன்றும் பூஜ்யமாக வேண்டும். நல்ல சிப்பில் மாற்றம் முழுதாக முடிந்த மதிப்பு மட்டுமே கோருக்குத் தெரியும். இந்தச் சிப்பில் இடைநிலையும் வெளியே தெரிந்துவிடுகிறது. எல்லாம் பூஜ்யமாகப் படித்தால் எண்ணி பின்னே போனதுபோல் இருக்கும், எல்லாம் ஒன்றாகப் படித்தால் முன்னே போனதுபோல். அடுத்த முறை படிக்கும்போது சரியான மதிப்பு வந்துவிடும். முன்னே தாவிய மதிப்பும் கெடுதல்தான். கர்னல் அதைச் சென்ற முறை படித்த எண்ணாகக் குறித்துக்கொண்டால், அடுத்து வரும் சரியான மதிப்பு அதைவிடச் சிறியதாகிவிடும்.

கண்ணால் பார்க்கச் சின்ன நிரல் ஒன்று எழுதினோம். நான்கு கோரிலும் எண்ணியைத் திரும்பத் திரும்பப் படிக்கும். 100 மில்லிசெகண்டுக்கு மேல் முன்னேயோ பின்னேயோ போனால் எழுதி வைக்கும். ஒரு ராத்திரி ஓடவிட்டோம். ஒவ்வொரு கோரிலும் சில விநாடிக்கு ஒரு தாவல் வந்திருந்தது. அதிகம் வந்த எண் 699 மில்லிசெகண்ட். 2இன் 24ஆம் அடுக்கை, அதாவது 1,67,77,216ஐ, 24 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் 0.699 விநாடி. 24ஆம் இடம் புரளும் கணத்தில் பிடிபட்ட தாவல்கள் அவை. இவ்வளவு அடிக்கடி நடக்கும்போது போர்டு ஏன் சில வாரத்துக்கு ஒரு முறைதான் கெட்டது? எங்கள் நிரல் மூச்சுவிடாமல் படித்தது. கர்னல் அவ்வளவு அடிக்கடி படிப்பதில்லை. துடிப்பு மாறும் அந்தக் கண இமைப்பில் அது படித்து மாட்டிக்கொள்ள அதற்கும் நேரம் வாய்க்க வேண்டும்.

கர்னல் இதற்கு என்ன செய்கிறது

இதெல்லாம் நாங்கள் முதலில் கண்டுபிடித்ததில்லை. தேடியபோது, இந்தச் சிப் குடும்பத்துக்கான மாற்றுவழி 2019 மே மாதம் வந்த லினக்ஸ் 5.1லேயே சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. 95 வருடத்தின் மடங்கில் தாவுகிறது என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருந்தது. அதைப் படித்தபோது எனக்கு வந்தது மகிழ்ச்சியா வருத்தமா என்று சொல்லத் தெரியவில்லை.

அச்சான புத்தகத்தில் தவறு இருந்தால் பின்னால் பிழைதிருத்தத் தாள் ஒட்டுவார்கள். அச்சிட்ட பக்கம் அப்படியே இருக்கும், படிப்பவர் தாளைப் பார்த்துத் திருத்திப் படிக்க வேண்டும். பிராசசருக்கும் அப்படித்தான். செதுக்கி விற்ற சிலிக்கானை யாரும் திரும்பச் செதுக்க முடியாது. தயாரித்தவர்கள் எர்ராட்டா என்ற பெயரில் பிழைப்பட்டியல் வெளியிடுகிறார்கள், திருத்திப் படிக்கும் பொறுப்பு கர்னல் தலையில். 1994இல் பென்டியம் பிராசசரின் வகுத்தல் பிழையை ஊர் உலகமே பேசியது. இன்டெல் அதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. 1997இல் அதே பென்டியத்தில், எந்தச் சாதாரண நிரலும் ஒரே ஒரு கட்டளையால் கணினியை உறையவைக்க முடியும் என்று தெரிந்தபோது, கர்னல்கள் இன்டரப்ட் அட்டவணை இருக்கும் நினைவகப் பக்கத்தை மாற்றியமைத்துச் சமாளித்தன. எங்கள் போர்டில் இருக்கும் கார்ட்டெக்ஸ்-ஏ53க்கும் இரண்டு பிரபலமான பிழைகள் உண்டு. 843419 என்ற எண்ணுள்ளது, ஒரு குறிப்பிட்ட முகவரிக் கட்டளை 4 கேபி நினைவகப் பக்கத்தின் கடைசி இரண்டு இடங்களில் வந்து விழுந்தால் தவறான முகவரி கிடைக்கலாம் என்பது. இதை நிரலை இணைக்கும்போதே, அந்தக் கட்டளை வரிசையை மாற்றியமைத்துத் தவிர்க்கிறார்கள். 845719, 32 பிட் நிரல் தவறான தரவைப் படிக்கலாம் என்பது. 32 பிட் நிரலுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் கர்னல் ஒரு பதிவேட்டில், அதாவது கோருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடத்தில், எழுதிவிட்டுப் போகிறது. பிழை இல்லாத கோரில் அந்த வேலை வீண் என்பதால், கணினி எழும்போதே கோரின் அடையாள எண்ணைப் பார்த்துத் தேவையான இடத்தில் மட்டும் கட்டளைகளை ஒட்டுகிறது.

எங்கள் எண்ணிப் பிழைக்கான மாற்றுவழி எளிமையானது. எண்ணியைப் படி. கடைசி இடங்கள் எல்லாம் பூஜ்யமாகவோ எல்லாம் ஒன்றாகவோ இருந்தால் நம்பாதே, மறுபடி படி. உண்மையாகவே அப்படி ஒரு மதிப்பு வரும்போதும் தள்ளிவிடும், ஆனால் ஒன்றிரண்டு துடிப்பில் அது கடந்துவிடும். ஒரு துடிப்பு 42 நானோசெகண்டுக்கும் குறைவு. இப்படி அதிகபட்சம் 150 முறை. எண்ணி மூன்று துடிப்பு துடிப்பதற்குள் கோர் எத்தனை சுழற்சி ஓட முடியும் என்று பார்த்து வைத்த எல்லை அது. அலாரம் வைக்கும் பக்கத்திலும் ஒரு கவனம் வேண்டியிருந்தது. "இன்னும் இத்தனை துடிப்பு கழித்து எழுப்பு" என்று வன்பொருளிடம் சொன்னால், அது தானே எண்ணியைப் படித்துக் கூட்டிக்கொள்ளும், தவறாகக் கூட்டும். அதனால் கர்னலே நம்பகமான மதிப்பைப் படித்துக் கூட்டி, எழுப்ப வேண்டிய முழு எண்ணை எழுதுகிறது.

இதோடு முடியவில்லை. ஆர்மில் சாதாரண நிரல்களும் கர்னலைக் கேட்காமல் எண்ணியை நேராகப் படிக்க முடியும். வேகத்துக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், சி நூலகம் நேரம் கேட்கும்போது போவதும் இந்தக் குறுக்குவழியில்தான். கர்னல் தன் வீட்டை மட்டும் திருத்திக்கொண்டால் பயனில்லை. அதனால் பிழையுள்ள சிப்பில் அந்தக் குறுக்குவழியை மூடிவிடுகிறது. நிரல் எண்ணியைத் தொட்டதும் கட்டளை கர்னலுக்குள் வந்து விழும், கர்னல் திருத்திய மதிப்பைக் கையில் கொடுத்து அனுப்பும். நேரம் கேட்பதற்கான செலவு பல மடங்கு கூடும். பத்து விநாடிக்கு ஒரு வரி எழுதும் எங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

தீர்வு இருந்தது, ஓடவில்லை

2021 ஜனவரியில் மூன்று போர்டுகளையும் லினக்ஸ் 5.10க்கு மாற்றினோம். எழும்போது வரும் செய்திகளை நான் படித்துப் பார்த்தேன். ஆர்ம் எர்ரேட்டம் 843419 கண்டறியப்பட்டது, 845719 கண்டறியப்பட்டது என்று இரண்டு வரிகள். நெஞ்சு நிறைந்தது. கர்னல் சிப்பின் பிழைகளைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் குளிர் அறை போர்டு 2116க்குப் போனது.

நான் கவனிக்காதது இதுதான். அந்த இரண்டு வரிகளும் கோரின் பிழைகள். கோரின் அடையாளப் பதிவேட்டைப் படித்தால் "நான் ஏ53, இன்ன பதிப்பு" என்று சொல்லும். பிழைப்பட்டியலில் அந்தப் பதிப்பு இருக்கிறதா என்று கர்னல் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும். ஆனால் எண்ணிப் பிழை கோரைச் சேர்ந்ததில்லை. இதே ஏ53 கோர் உள்ள மற்ற சிப்களில் இது கிடையாது. கோரை எவ்வளவு கேட்டாலும், தான் எந்தச் சிப்பில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதை வேறு ஒருவர் கர்னலுக்குச் சொல்ல வேண்டும். சொல்வது டிவைஸ் ட்ரீ, அதாவது போர்டில் என்னென்ன எங்கே இருக்கிறது என்று எழுதிய கோப்பு. அதில் டைமர் பகுதியில் ஒரு வரி இருந்தால்தான் மாற்றுவழி இயங்கும். தயாரிப்பாளர் கொடுத்த எண் எதுவும் இல்லாததால், இந்தப் பிழைக்குக் கர்னலில் வைத்த பெயரே "அன்னோன்1". பெயர் தெரியாத ஒன்று.

எங்கள் டிவைஸ் ட்ரீ பழையது. ஆர்எஸ்-485க்கு ஒரு சீரியல் போர்ட்டை இயக்க வேண்டியிருந்ததால், 4.19 காலத்துக் கோப்பை எடுத்து, திருத்தி, பூட் பகுதியில் எங்கள் பெயரில் வைத்திருந்தோம். பூட் நிரல் அந்தப் பெயரைத்தான் ஏற்றும். கர்னலை மாற்றியபோது புது டிவைஸ் ட்ரீயும் வந்து பக்கத்து அடைவில் உட்கார்ந்தது. அதை யாரும் திறக்கவே இல்லை. கர்னல் குறை சொல்லவும் இல்லை. பழைய டிவைஸ் ட்ரீயோடும் புதுக் கர்னல் ஓட வேண்டும் என்பது லினக்ஸில் ஒரு கொள்கை, நல்ல கொள்கை. அதனால் அந்த வரி இல்லாததை அது பிழையாகக் கருதாது. வரி இல்லையென்றால் நல்ல சிப் என்று எடுத்துக்கொள்ளும்.

ப்ராக் அடைவுக்குள் கர்னல் தன் கையில் இருக்கும் டிவைஸ் ட்ரீயை அப்படியே காட்டும். அங்கே டைமர் பகுதியைத் திறந்து பார்த்தேன். அந்த வரி இல்லை. ஜனவரியிலேயே அரை நிமிடத்தில் பார்த்திருக்கலாம்.

முழுக் கோப்பை நகலெடுத்துத் திருத்தும் பழக்கத்தை அன்றோடு விட்டோம். கர்னலோடு வரும் டிவைஸ் ட்ரீயை அப்படியே ஏற்றி, எங்கள் சீரியல் போர்ட் மாற்றத்தை மட்டும் அதன் மேல் ஓவர்லேயாகப் போட்டோம். அடுத்த முறை எழுந்தபோது, கர்னலில் எண்ணியைக் கையாளும் ஆர்ச் டைமர் பகுதியின் பெயரில் ஒரு புது வரி வந்தது: அன்னோன்1க்கான மாற்றுவழி இயக்கப்படுகிறது என்று. அதன் கீழே நான்கு கோருக்கும், எண்ணியை நேராகப் படிப்பது தடுக்கப்படுகிறது என்று நான்கு வரிகள். அந்த ஐந்து வரிகளைப் படம் எடுத்து என் கூட்டாளிக்கு அனுப்பினேன். ராத்திரி முழுக்கச் சோதனை நிரலை ஓடவிட்டோம். தாவல் பூஜ்யம்.

ஒரு பிட்

ஏப்ரலில் கம்ப்ரசர் அறை போர்டு ஒரு முறை தாவியது. மற்ற இரண்டும் நன்றாக ஓடின. இந்த முறை பதறவில்லை. எழும் செய்தியில் ஐந்து வரியும் இருந்தன, ஆக மாற்றுவழி இயங்குகிறது, ஆனாலும் ஏதோ ஒன்று நழுவுகிறது. அந்தப் போர்டில் மாற்றுவழியை அணைத்துவிட்டு, தவறாகப் படித்த மதிப்புகளை இருமத்தில் அச்சிட்டுப் பார்த்தோம். கர்னல் கடைசிப் 10 இடமும் ஒன்றுபோல் இருந்தால்தான் சந்தேகப்படும். இந்தச் சிப்பில் மட்டும் எப்போதோ ஒரு முறை கடைசி 9 இடம்தான் ஒன்றுபோல் கெட்டிருந்தது, அதற்கு மேலிருந்த இடம் சரியாக இருந்தது. கர்னலின் வலையில் கண்ணி ஒரு பிட் பெரிது, மீன் அதன் வழியாகப் போய்விட்டது. ஒரே பெயர், ஒரே எண் அச்சிட்ட சிப்களுக்குள்ளேயே இந்த வித்தியாசம் இருக்கிறது.

எங்களைப் போலவே வேறு பலருக்கும் மாற்றுவழிக்குப் பிறகும் தாவியிருக்கிறது. 2021 நடுவில் கர்னலிலேயே 10 இடம் 9 ஆக மாறியது. மாற்றம் ஒரே ஓர் இலக்கம்தான். அப்போது ஊரடங்கு, ஐஸ் கம்பெனிக்குப் போக வழியில்லை. தூரத்திலிருந்தே மூன்று போர்டுகளுக்கும் ஏற்றினோம். ரீபூட் ஆகி மூன்றும் திரும்பி வரும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு தாவல் இல்லை. ஆனாலும் நிரல்களை மாற்றினோம். துப்புரவு வேலை இப்போது தேதியைப் பார்ப்பதில்லை, கோப்பு எண்ணிக்கையைப் பார்க்கிறது. ஒவ்வொரு வரியிலும் நேரத்தோடு ஒரு வரிசை எண்ணும் போகிறது, நேரம் கெட்டாலும் வரிசை கெடாது. போர்டு எழும்போது அந்த ஐந்து வரிகள் இருக்கின்றனவா என்று ஒரு சின்ன நிரல் தேடும், இல்லாவிட்டால் எனக்குக் குறுஞ்செய்தி வரும். கர்னலை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதலில் நான் பார்ப்பது அதைத்தான்.

அழிந்த பதிவுகள் திரும்பவில்லை. ஆனால் ஆபரேட்டர் அண்ணன் எங்கள் பெட்டி வருவதற்கு முன்பிருந்தே ஒரு நீளநோட்டில் இரண்டு மணிக்கு ஒரு தடவை தொட்டி வெப்பநிலையை எழுதிவருகிறார். பெட்டி வந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாசிக்க வாசிக்க, 2020 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை நான் தட்டி ஏற்றினேன். தரவுத்தளத்தில் அந்த வரிகளுக்கு எதிரே, எங்கிருந்து வந்தது என்ற இடத்தில், "நோட்டு" என்று இருக்கிறது. ஆகஸ்ட் 12, காலை ஆறு மணி வரியில் அவர் கையெழுத்தில் மைனஸ் 9.4 என்றும், பக்கத்தில் "பெட்டி தேதி தப்பு, தம்பிக்கு போன் பண்ணியாச்சு" என்றும் எழுதியிருந்தது. அதையும் அப்படியே ஏற்றிவைத்தேன்.